மணலில் விட்டுவைத்த இடம்

அண்ணி தன் முகத்தின் மேல் முதல் பூச்சு பூசியபோது நான் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். முகம் என்றால், புகைப்படத்தில் இருந்த முகம். சாந்தோம் கடற்கரை, பின்னால் அலை, ஊதாச் சேலை, கல்யாணமான புதிது. ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டின் சாப்பாட்டு மேசையில் அந்தப் பெரிய பிரிண்டைப் படுக்கப் போட்டு, எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்திருந்தார். அதில் ஒரு பார்வை, இதில் ஒரு தீற்றல். குழம்புக்குத் தாளிப்பவரின் நிதானத்தோடு அந்த இளம்பெண்ணை அழித்துக்கொண்டிருந்தார். காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஸ்கூட்டர் மந்தைவெளியைத் தாண்டுவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது.

சந்தேகம் எனக்குப் புதிதல்ல. துப்பறியும் கதைகளை அளவுக்கு மேல் படித்து வளர்ந்தவன். வீட்டில் ஒரு பால் பாக்கெட் குறைந்தால்கூட நோக்கம் என்ன, வாய்ப்பு யாருக்கு என்று யோசிப்பேன். இதுவரை ஒரு பாக்கெட்டும் அகப்பட்டதில்லை.

ஆனால் இந்த முறை கவலைப்படக் காரணம் இருந்தது. என் அண்ணன் புகைப்படப் பைத்தியம். ஊரில் எல்லோரையும் எடுத்தவர். அவரை யாரும் எடுத்ததில்லை. கேமராவை இன்னொருவர் கையில் கொடுக்க அவருக்கு மனம் வராது. அவர் இறந்த அன்று கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்குப் படம் தேடி அலைந்து, கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கினோம். போலீஸ் தேடும் ஆசாமியைப் போல மந்தைவெளிச் சுவர்களில் இரண்டு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார். அதுவா என் அண்ணன்? நெகட்டிவ்கள் வெள்ளத்தில் ஒட்டிப் பாழாகிவிட்டன. மிஞ்சியது, கோடம்பாக்கத்தில் தெரிந்த லேபில் கொடுத்து அவர் பெரிதாக்கி வைத்திருந்த ஒரு கட்டுப் படங்கள். எல்லாமே அண்ணியை எடுத்தவை. அவர் கையும் கண்ணும் பட்டதாக உலகத்தில் இருப்பது அவ்வளவுதான். அதுதான் அந்த மேசை மேல் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

நகல் எடுத்து அதன் மேல் வரையலாமே என்று அடுத்த முறை, பேச்சுவாக்கில் கேட்பவனைப் போலக் கேட்டேன். நகலில் கை ஓடவில்லை என்றார். சந்தேகம் வலுத்தது. அந்தப் படங்களையும் நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் அண்ணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கேமராவை நம்பாதவராகவே நிற்கிறார். பிற்காலத்தில் ஓவிய ஆசிரியையாக, வீட்டுப்பாடத்தை அம்மா வரைந்து கொடுத்த பிள்ளையை அப்படித்தான் பார்த்திருப்பார். புதுக் கணவனை ஏன் அப்படிப் பார்க்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் கேமராவோடு எங்கே போனார்? இருவரும் அதிகம் பேசிக்கொண்டு நான் பார்த்ததுண்டா? ஒரு பழைய கணக்கு இப்போது வண்ணத்தில் தீர்க்கப்படுவதாக முடிவுக்கு வந்து, அதை என் மனைவியிடம் மெதுவாக எடுத்துச் சொன்னேன்.

"இருபது வருஷமா நானும் உங்களை அப்படித்தான் பாக்குறேன். போட்டோ எடுக்க ஆளில்ல, அவ்வளவுதான்" என்றாள்.

பிறகு ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன கூடத்தில் அண்ணியின் படங்களை மாட்டினார்கள். ஒவ்வொன்றின் கீழும் 'சுயசித்திரம்' என்று சீட்டு. எடுத்தது இன்னொருவர், இதில் சுயம் எங்கே என்று முதல் சீட்டிலேயே எனக்கு இடித்தது. அதே கடற்கரை, அதே ஊதாச் சேலை. ஆனால் அதற்குள் நின்றவர் இன்றைய அண்ணி. நரை, மூக்குக் கண்ணாடி, தொங்கிய கன்னம், எதையும் அவர் தனக்குத் தள்ளுபடி செய்துகொள்ளவில்லை. கடலையும் வானத்தையும்கூட வண்ணம் மூடியிருந்தது. கீழே மணலில் ஓரிடம் மட்டும் பழுப்பேறிய புகைப்படமாகவே விடப்பட்டிருந்தது. எல்லாப் படத்திலும் அப்படி. காவலாளி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா சார், கீய மட்டும் அப்டியே உட்டுட்டாங்க? பெயின்ட்டு பத்தலியா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். நான் அதைக் கொஞ்சம் நல்ல தமிழில் வைத்திருந்தேன்.

மறுநாள் பெரிய பையோடு அண்ணி வீட்டுக்குப் போனேன். மிச்சமிருக்கும் படங்களையாவது கேட்டு வாங்கிவிடுவது, தராவிட்டால் சண்டை போடுவது என்று ஏற்பாடு. கதவைத் திறந்தவர் பையைப் பார்த்தார்.

"வாங்க தம்பி. சோதனை போட வந்தீங்களா?"

நான் ஒத்திகை பார்த்துவைத்திருந்த எதையும் சொல்லத் தேவைப்படவில்லை. அவரே படக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பார்த்துவிட்டு எடுங்கள் என்றார். பார்த்தேன். படத்தின் அடி விளிம்பிலிருந்து அண்ணியின் கால்வரை மணலில் ஒரு நீண்ட நிழல் கிடந்தது. தலை, இரண்டு பக்கமும் முழங்கைகள் விரிந்து, முகத்துக்கு நேரே எதையோ பிடித்திருக்கும் ஆள். அடுத்த படத்திலும். அதற்கடுத்ததிலும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அண்ணன் அறிந்த ஒரே புகைப்பட விதி. சாயங்காலம் சாந்தோமில் கடலைப் பார்த்து நின்று அந்த விதியைக் காப்பாற்றினால், நிழல் எதிரே நிற்பவர் காலில் போய்த்தான் விழும். எதிரே நிற்பவருக்குக் கண் கூசத்தான் செய்யும். வேறு யாராவது எடுத்திருந்தால் பிசகு என்று தூக்கிப் போட்டிருப்பார்கள்.

"இதுல ரெண்டு பேரு இருக்கோம் தம்பி. எனக்கு வயசாகிக்கிட்டே போகுது, அதனால என்னை மாத்தி வரைஞ்சுக்கிறேன். அவரை அப்படியே விட்டுட்டேன்."

நான் பையை மடித்தேன். அப்படியென்றால் நிழல் வேண்டுமென்றே விழுந்ததா, தெரியாமல் விழுந்ததா என்று கேட்டேன். பழக்கம் விடுமா? அதை நானும் கேட்டதில்லை என்றார் அண்ணி. பிறகு கட்டின் அடியிலிருந்து ஒன்றை உருவி என்னிடம் நீட்டினார்.

"இதை நீங்க வெச்சுக்கோங்க. அன்னிக்கு மேகம். இதுல அவரு விழல."

மணல் வெறுமையாக இருந்தது. அண்ணி கண்களை அகலத் திறந்து, முன்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். நம்பாத பார்வை என்று நான் வழக்கு ஜோடித்த முகத்தில் அப்படி ஒன்று எங்கேயும் இல்லை. மற்றவற்றை அவரிடமே விட்டுவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது அது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள், இந்தம்மா யார், யாரைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறார் என்று கேட்கிறார்கள். இது என் அண்ணன் படம் என்கிறேன். ஒருமுறை படத்தையும் ஒருமுறை என்னையும் பார்த்துவிட்டு, சந்தேகத்தோடு தலையாட்டுகிறார்கள்.