செல்வராணி அக்கா போடாத புளியங்கொட்டை

இலுப்பூர்ப் பக்கத்துச் செல்வராணி அக்காவுக்கு அநியாயம் செய்தது அவர் குடியிருக்கும் தெரு. கொரோனா நேரத்தில் தெர்மாமீட்டரோடு வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தவர் அவர். அவருடைய மாமியார் மூச்சுத் திணறி இறந்ததும், நோயை வெளியிலிருந்து கொண்டுவந்து வீட்டுக்குள் விட்டது இவர்தான் என்று தெரு முடிவு கட்டியது. ஊரடங்கு போனது, முகக்கவசம் போனது. அந்தத் தீர்ப்பு மட்டும் இன்னும் அமலில் இருக்கிறது.

தொற்றுக்காலத்தில் மக்களுக்கு ஏறிய மன அழுத்தத்தை அளப்பது எங்கள் தொழில். அளக்கப் போகிறவர்களுக்கு ஏறுவதை அளக்க ஆளில்லை. கேள்வித்தாளும் தண்ணீர் பாட்டிலுமாக டவுன் பஸ்ஸில் தொங்கும் சக ஆராய்ச்சி மாணவிகளே, மாணவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பெயர்களையும் ஊர்களையும் மாற்றியிருக்கிறேன். என் கோபத்தில் கைவைக்கவில்லை.

கொறைச்சுப் போடாதவர்

'ஒருபோதும் இல்லை' தொடங்கி 'எப்போதும்' வரை ஐந்து படிகளில் பதில் சொல்லச் சொன்னால் யாருக்கும் பிடிபடவில்லை. அதனால் புளியங்கொட்டையோடு போனோம். நாங்கள் கேள்வி கேட்போம். அது எந்த அளவுக்கு உண்மையோ அந்த அளவுக்கு டம்ளரில் கொட்டை போட வேண்டும். இல்லவே இல்லை என்றால் போட வேண்டாம். எப்போதும் என்றால் நாலு.

நார்த்தாமலைக்குப் பக்கத்தில் கருப்பையா என்ற விவசாயி எல்லாவற்றுக்கும் நாலு போட்டார். தூக்கம் கெட்டதா? நாலு. வெளியே போகப் பயந்தீர்களா? நாலு. நிம்மதியாக இருந்தீர்களா? அதற்கும் நாலு. "அய்யா, ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்கும்?" என்று கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"கஷ்டம் எல்லாருக்கும் உள்ளதுதான் ஆத்தா. நா பாட்டுக்குக் கொறைச்சுப் போட்டு, நீ பெயிலாயிட்டா?"

காலி டம்ளர்

செல்வராணி அக்கா நேர் எதிர். ஒரு கொட்டைகூடப் போடவில்லை. அக்காவிடம் தனியாகப் பேச வேண்டும் என்று எவ்வளவு நயமாகச் சொல்லியும் அவர் கணவர் முருகேசன் எழுந்திருக்கவில்லை. நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "இவளுக்கு என்ன கஷ்டம்? போனது எங்காத்தா உசுருல்ல" என்று அவரே பதிலும் சொன்னார். அக்கா கையிலிருந்த கொட்டைகளைத் திருப்பி என்னிடம் கொடுத்துவிட்டார்.

பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று கூடவே வந்தவர், நிறுத்தத்தில்தான் வாய் திறந்தார். சண்டை வரும்போதெல்லாம் கணவர் 'எங்காத்தாவக் கொன்னவ' என்கிறாராம். தெருவில் விசேஷம் என்றால் பத்திரிகை வருகிறது; காய் நறுக்க வா என்று மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. அந்த நாட்களில் பரிசோதித்த ஒவ்வொரு முறையும் அவருக்குத் தொற்று இல்லை என்றே வந்தது. அதை யாரும் காதில் வாங்கவில்லை. நான் படியில் கால் வைத்தபோது கேட்டார்:

"ஒன்னால இல்லைன்னு அந்தத் தெருவுல ஒரே ஒரு ஆளு சொன்னாப் போதும். ஒங்க ஆராய்ச்சியில அப்படி ஏதும் வருமா தங்கச்சி?"

வெற்றிலைப் பெட்டி

வந்தது. எதிர்வீட்டுப் பஞ்சவர்ணம் அம்மாவின் வாயிலிருந்தே வந்தது. அடுத்த முறை நான் அந்தத் தெருவுக்குப் போனபோது அவர் வீட்டில் தனியாக இருந்தார். 'அந்தக் காலத்தில் நீங்கள் செய்த ஏதாவது ஒன்று இன்னும் மனதை உறுத்துகிறதா' என்பது கடைசிக் கேள்வி. டம்ளரில் போட்டுக்கொண்டே இருந்தார். நாலுக்கு மேல் கிடையாதும்மா என்று நான் சொன்ன பிறகுதான் கை நின்றது.

ஊரடங்கில் சென்னையிலிருந்து அவர் மகன் காய்கறி லாரியில் ஏறிக் காய்ச்சலோடு வந்திருக்கிறான். வெளியே தெரிந்தால் வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள். மகனைப் பின்கட்டில் படுக்கவைத்தார். பிறகு அவருக்கும் உடம்பு கொதித்தது. செல்வராணி அக்கா தெர்மாமீட்டரோடு வந்து நின்றபோது, "நாங்க நல்லாத்தான் இருக்கோம், அடுத்த வீட்டப் பாரு புள்ள" என்று வாசலோடு அனுப்பிவிட்டார். அதே வீட்டுக்குப் பின்பக்கமாகத் தினமும் வந்து, ஒரே பெட்டியில் வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் செல்வராணி அக்காவின் மாமியார். மகன் பிழைத்தான், தாயும் பிழைத்தார். மாமியார் பிழைக்கவில்லை. சொல்லி முடித்ததும் என்மேல்தான் எரிச்சல் வந்தது அவருக்கு.

"இந்தக் கேள்விய ஏம்மா எழுதுனீங்க?"

மேடத்தோடு வழக்கு

செல்வராணி அக்காவின் தாளை நீக்கிவிடு என்றார் என் ஆய்வு வழிகாட்டி மேடம். எல்லாம் பூஜ்யம், பக்கத்தில் கணவர், அதனால் செல்லாது. சரி, பஞ்சவர்ணம் அம்மா சொன்னதை அக்காவிடமாவது சொல்கிறேன் என்றேன். கூடாது, சொன்னது வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தானே கேட்டாய் என்றார்.

நான் விடவில்லை. தப்புச் செய்யாதவரை வதைக்கிற ரகசியத்தைப் பூட்டி வைப்பதற்குப் பெயர்தான் நல்வாழ்வு ஆராய்ச்சியா என்றேன். அந்த வெற்றிலையில்தான் தொற்றியது என்று உன்னால் நிரூபிக்க முடியுமா என்றார். அக்காவால் தொற்றியது என்று மட்டும் யார் நிரூபித்தார்கள் என்றேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீ சொன்னா இனி எந்தக் கதவும் ஒனக்குத் திறக்காது. அந்தம்மாவே சொல்லட்டும். போய்க் கேளு."

திரும்பவும் எதிர்வீடு

போனேன். பஞ்சவர்ணம் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஜன்னல் வழியாகக் குழாயடி தெரிந்தது. செல்வராணி அக்கா குடத்தோடு கொஞ்சம் தள்ளி நின்றார். மற்றவர்கள் பிடித்துப் போனபிறகு பிடிப்பது அவர் வழக்கமாகிவிட்டது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம்.

மகன் பேச்சை எடுக்க வேண்டாம், வெற்றிலையைச் சொல்ல வேண்டாம், தெருவைக் கூட்ட வேண்டாம் என்றேன். அக்கா காதில் மட்டும், 'ஒன்னால இல்ல' என்று ஒரு வார்த்தை. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செல்லாத தாள் போக மிஞ்சியதை வைத்து, அந்தத் தெருவின் நல்வாழ்வு திருப்திகரம் என்று எங்கள் அறிக்கை சொல்லப்போகிறது. பஞ்சவர்ணம் அம்மா சொன்னது இது:

"ஒன்னால இல்லைன்னா, பின்ன யாராலன்னு அவ கேப்பால்ல? அவளுக்கு இது பழகிப்போச்சும்மா. எனக்குப் பழகாது."