ஆவணியில் வந்த ஹெரால்டு

சொர்ணலட்சுமி டீச்சருக்குக் கார் ஆசை வந்ததைக் கேட்டு எங்கள் பள்ளிக்கூடத்தில் சிரிக்காதவர்கள் இல்லை. நானும் சிரித்தவள்தான். திண்டுக்கல்லில் டாக்டரும் மில் முதலாளியும் கார் வைத்திருந்த காலம் அது. சிறுமலையில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஒரு டீச்சர் கார் வாங்கி, அதைத் தானே ஓட்டிக்கொண்டு மலையேறி வருவேன் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு அவள் முகம் கண்ணில் பட்டது. அவள் சிரிக்கவில்லை.

எங்கள் மலைக்குப் பஸ் வருவதே பெரிய விஷயம். சாயங்காலம் கீழே இறங்கும் கடைசி பஸ் பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்பே போய்விடும். அந்த நேரத்தை வகுத்த புண்ணியவான் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். அதனால் நாங்கள் இருவரும் மலையிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். சனிக்கிழமை காலை பஸ்ஸில் இறங்குவோம், திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸில் ஏறுவோம். நான் கொடைரோட்டுக்காரி. கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் அம்மா மட்டும்தான். எனக்கு மலையும் ஒன்று, கீழேயும் ஒன்று. அவளுக்கு அப்படியில்லை. அவளுக்குக் கீழே தீபா இருந்தாள், மூன்று வயது.

பிள்ளையை ஒருமுறை மேலே கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். மலைக்குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நெஞ்சு இழுத்துப்போய், டாக்டர் இனி மேலே தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்று சொல்லிவிட்டார். மாற்றலுக்கு எழுதிப் போட்டாள், வரவில்லை. புருஷன் குருசாமி சார் கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்தார். அவர் பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுவதால், பிள்ளை நாகல் நகரில் இருந்த அவருடைய அக்கா அம்பிகா வீட்டில் வளர்ந்தது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேதான்.

சாயங்காலம் நாங்கள் இருவரும் மலை வளைவு வரைக்கும் நடப்போம். அங்கிருந்து பார்த்தால் கீழே சமவெளி முழுவதும் விளக்கு எரிவது தெரியும்.

"அந்தா தெரியுதுல்ல டீச்சர், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்? அங்கனதான் மதினி வீடு. இந்நேரம் எம்பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருப்பாக" என்பாள்.

இம்புட்டு விளக்கில் அந்த வீட்டு விளக்கு எது என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பாள்.

குருசாமி சாரிடம் ஒரு மொபெட் இருந்தது. முதல் ஏற்றத்திலேயே அது படுத்துவிடும். அப்புறம் ஆள்தான் அதைச் சுமக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் சொர்ணத்துக்குக் கார் நினைப்பு வந்தது. கோடை விடுமுறையில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். கார் இல்லாத லைசென்ஸை மணிபர்சில் வைத்துக்கொண்டு, நகையை விற்றுக் கார் தேடக் கிளம்பினாள். அது மாருதி வந்து சூடு பிடித்திருந்த நேரம். வசதியுள்ளவர்கள் புதுசுக்குப் பணம் கட்டிவிட்டுப் பழசைத் தள்ளிவிட ஆரம்பித்திருந்தார்கள்.

முதலில் பார்த்தது ஓர் அம்பாசடர். அதைப் பார்க்கக் குருசாமி சார் வீட்டிலிருந்து ஒரு பட்டாளமே போனது. கார் பார்ப்பதும் பெண் பார்ப்பதும் எங்கள் ஊரில் ஒன்றுதான், சொந்தபந்தம் மொத்தமும் வந்தாக வேண்டும். எல்லோரும் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, கல்யாணம் காட்சிக்குப் போக வசதி என்றார்கள். பழனிக்குக்கூடப் போகலாம் என்றது ஒரு குரல். தினமும் மலையேறப் போகிறவளை யாரும் கேட்கவில்லை. அது குடிக்கிற பெட்ரோலுக்கு அவள் சம்பளம் காணாது என்று அவளே வாயைத் திறந்து சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்தது ஒரு வக்கீலின் பியட். அதைத்தான் அவள் மனசார விரும்பினாள். வெளிர் பச்சை நிறம், சீட்டு உறைகூடக் கிழியவில்லை. விலை கட்டாது என்று தெரிந்த பிறகும் அதன் கதவை இரண்டு தரம் திறந்து மூடினாள். பிறகு, "நல்ல வண்டி சார்" என்று வக்கீலிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மூன்றாவதாகத்தான் பேகம்பூர் பீர் முகமது பாயின் பட்டறையில் நின்ற ஹெரால்டு காரைப் பார்த்தோம். நீல நிறம், இரண்டே கதவு. பழைய வண்டிகளைப் பழுது பார்த்து விற்கும் பாய், அதன் குறையை மறைக்கவில்லை.

"டீச்சரம்மா, இது பெட்ரோலு கம்மியாத்தான் குடிக்கும். ஆனா ஏத்தத்துல கொதிக்கும். பாதி மலையில நிறுத்தி, ஆற விட்டு, தண்ணி ஊத்தித்தான் எடுத்துட்டுப் போகணும். அதுக்கும் மூச்சு வாங்கும்ல?"

"மலையில ஓட்டிப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன் பாய்" என்றாள் சொர்ணம்.

அடுத்த சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தோம். ஆம்பளை இருக்கும்போது பொம்பளை ஓட்டுவதா என்று, பண்டகசாலை வேனை அவ்வப்போது ஓட்டிப் பழகியிருந்த குருசாமி சாரே உட்கார்ந்தார். பாயும் நானும் பின் சீட்டில் இருந்தோம். ஏறும்போது வண்டி ஓரிடத்தில் கொதித்தது, தண்ணீர் குடித்தது, ஏறிவிட்டது. இறங்கும்போதுதான் வினை. இறக்கத்தில் இன்ஜினை நிறுத்தி, வண்டியை நியூட்ரலில் உருள விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது எங்கள் பக்கத்து ஆட்களின் தீராத நோய். சமவெளியில் பாலத்து இறக்கத்தில் செய்து பழகியதை அவர் மலையிலும் செய்தார்.

"சும்மாவே உருளுதே, எதுக்குப் பெட்ரோலு?" என்று சாவியைத் திருப்பினார்.

இரண்டு வளைவு தாண்டியதும் கருகின வாடை அடித்தது. "சார்! பிரேக்கு காயுது! கியருல போடுங்க!" என்று பாய் கத்தினார். பதற்றத்தில் கியர் விழவில்லை. வண்டி மண்மேட்டில் இடது பக்கமாக உரசி நின்றது. யாருக்கும் அடியில்லை. நான் மாதாவைக் கூப்பிட்டது மட்டும் கீழ்வரைக்கும் கேட்டிருக்கும்.

சொர்ணம் இறங்கி, சுற்றி வந்து, புருஷன் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க. நான் ஓட்டுறேன்."

பிரேக் ஆறும்வரை காத்திருந்துவிட்டு, செகண்ட் கியரிலேயே ஆடாமல் அசையாமல் கீழே கொண்டுவந்து சேர்த்தாள். பட்டறைக்கு வந்ததும் குருசாமி சார், இடது பக்கம் நசுங்கியிருப்பதால் விலையைக் குறைக்க வேண்டும் என்றார். நசுக்கியதும் அவர், குறைத்துக் கேட்டதும் அவர். பாய் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் குறைத்தும் கொடுத்தார்.

ஆனால் வண்டி வீட்டுக்கு வரவில்லை. அப்போதுதான் ஆடி பிறந்திருந்தது. ஆடியில் வண்டி வாங்குவார் இல்லை என்பதாலும்தான் விலை அவ்வளவு இறங்கி வந்தது; அதே ஆடியில் வண்டி வாசலுக்கு வரக்கூடாது என்று குருசாமி சார் வீட்டில் ஒரே பிடி. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஆவணியில் நல்ல நாள் பார்த்து எடுப்பது என்று முடிவானது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மலிவுக்கு ஆடி வேண்டும், வாசலுக்கு ஆடி வேண்டாமா?

"பிள்ளையைப் பார்க்கிறதுக்குமா நாள் பார்ப்பாக?" என்று அவள் என்னிடம்தான் கேட்டாள். அவர்களிடம் கேட்கவில்லை.

ஆடி முழுக்கச் சனிக்கிழமைதோறும் தீபாவைத் தூக்கிக்கொண்டு பாய் பட்டறைக்குப் போனாள். நிற்கிற வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "அம்மா இனிமே தெனமும் வருவேன், என்ன?" என்பாளாம். பிள்ளை ஹாரனை அமுக்குவதிலேயே குறியாக இருக்குமாம்.

ஆவணி பிறந்தது. எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டி புறப்பட்டது. காலையில் மலையேறி, பாதியில் தண்ணீர் ஊற்றி, மணி அடிப்பதற்குள் வந்து சேர்ந்துவிடுவாள். பள்ளி விட்டதும் ஹெரால்டு இறங்கும். அறையில் நான் மட்டும் இருந்தேன். ஒருவருக்கு மட்டும் வெஞ்சனம் வைக்கக் கை வரவில்லை. பல நாள் ஊறுகாயோடு முடித்துக்கொண்டேன். இருந்தாலும் அவளுக்காகச் சந்தோஷப்பட்டேன். "பிள்ளை ராத்திரி உங்ககிட்ட நல்லாத் தூங்குதா டீச்சர்?" என்று கேட்டால், "தூங்குது, தூங்குது" என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை நானும் அவளோடு இறங்கினேன். கொடைரோடு பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், அதற்கு முன் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். போனோம். குருசாமி சார் அக்கா வீட்டிலிருந்து கூட்டிவந்திருந்த தீபா ஓடிவந்து அம்மா காலைக் கட்டிக்கொண்டாள். மடியில் உட்கார்ந்து தோசை தின்றாள். எனக்குப் பார்க்கப் பார்க்க நிறைந்தது. விளக்குப் போட்டதும் பிள்ளை மெதுவாக எழுந்து, தன் சின்னத் தலையணையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றது.

"அத்தை வீட்டுக்குப் போவோம்."

"இன்னைக்கு அம்மாகூடப் படுத்துக்கிறியா தங்கம்?"

"அத்தைகிட்டதான் தூக்கம் வரும்."

சொர்ணம் என் முகத்தைப் பார்க்கவில்லை. குருசாமி சார்தான் மெதுவாகச் சொன்னார்: "வண்டி வந்த நாளா இப்படித்தான் டீச்சர். பிடிச்சு வச்சா அழுது அழுது மூச்சு இழுக்குது. வேற வழியில்லாம இவளே கொண்டுபோய் விட்டுட்டு வாரா."

அம்பிகா அக்கா மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கண்ணுக்குக் கண்ணாகப் பிள்ளையை வளர்த்தவர். கோபப்படவாவது ஒரு ஆள் இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

எந்தப் பிள்ளைக்காகக் கார் வாங்கினாளோ அந்தப் பிள்ளையை முன் சீட்டில் ஏற்றி, தினமும் கொண்டுபோய் விட்டுவருகிற அதே வழியில் வண்டியை எடுத்தாள். நாகல் நகர் போய்விட்டு என்னைப் பஸ் நிலையத்தில் விடுவதாக ஏற்பாடு. நான் பின்னால் இருந்தேன். தீபா கொஞ்ச தூரம் தெருவை வேடிக்கை பார்த்தாள். பிறகு தலையணை கீழே விழுந்தது. பிள்ளை அப்படியே சரிந்து, அம்மா மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டது. அதன் பிறகு சொர்ணம் கியரை மாற்றவே இல்லை. மாற்றினால் கை பிள்ளை மேல் இடிக்குமே! பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான், சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போனான். அவள் நத்தை வேகத்திலேயே அம்பிகா வீட்டு வாசலுக்கு வந்து நிறுத்தினாள்.

சத்தம் கேட்டு அம்பிகா அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்து, வழக்கம்போலக் கதவைத் திறந்து பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினார். தலையணை கீழே கிடப்பதையும் பிள்ளையின் தலை எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது.

சொர்ணம் பிள்ளையின் நெற்றியிலிருந்து முடியை ஒதுக்கிவிட்டாள்.

"செத்த நேரம் மதினி" என்றாள். "செத்த நேரம் கழிச்சு எடுத்துக்கங்க."