மார்ஃபாவின் லாரியை ஆறு திருப்பிக் கொடுத்த கதை

மார்ஃபா எப்படிப்பட்டவள் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், முதலில் அவளுடைய லாரியைப் பற்றித்தான் சொல்வார்கள். மூன்று அச்சு, ஆறு சக்கரம், பச்சை வண்ணம் உரிந்துபோன பழைய ராணுவ வண்டி. இந்திகிர்கா ஆறு உறைந்ததும் எங்களுக்கு அதுதான் சாலை. அந்தச் சாலையில் லாரி ஓட்டிய ஒரே பெண் அவள். வயது நாற்பத்தெட்டு. ஆள் குள்ளம். சீட்டில் இரண்டு மூட்டை போட்டு உட்கார்ந்தால்தான் கண்ணாடிக்கு வெளியே தெரியும். பின்னால் வருகிறவர்கள் வண்டி தானாகவே ஓடுகிறது என்று கேலி பேசுவார்கள்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் புருஷன் மகார். ஆசையாகக் கற்றுக்கொடுத்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அவன் குடித்துவிட்டுப் பக்கத்து சீட்டில் தூங்க வேண்டும், வண்டியை யாராவது ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். குடித்து ஓட்டி லைசென்ஸைப் பறிகொடுத்தவன் அவன். அதனால் லாரி வாங்கியபோது தன் பெயரில் பதியப் பயந்து, அண்ணன் தெரெந்தியின் பெயரில் பதிந்தான். வாங்கியது இவர்கள் இருவர் உழைப்பு; காகிதத்தில் இருந்தது அண்ணன் பெயர். மூன்று வருஷத்துக்கு முன் ஈரல் வெந்து மகார் செத்தான். பெயரை மாற்றிக் கொடுங்கள் என்று மார்ஃபா இரண்டு முறை கேட்டாள்.

"நமக்குள்ள என்னம்மா காகிதம்? நான் என்ன லாரியைத் தலையில தூக்கிட்டு ஓடவா போறேன்?" என்று தெரெந்தி சிரித்தார்.

மூன்றாவது முறை கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சப்பட்டிருக்கக் கூடாது. லாரி இல்லையென்றால் அவளுக்கு இருந்த ஒரே போக்கிடம் தெரெந்தியின் வீடு. அங்கே பசுக்களுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு, அவர் மனைவியின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு கிடக்க வேண்டும். அதைவிட ஆற்றில் விழுவது மேல் என்று அவளே பலமுறை சொன்னதுண்டு.

டிசம்பரில் ஆற்றிலேயே விழுந்தாள். கோதுமை மாவு ஏற்றி வந்தபோது ஊருக்கு ஒரு மைல் முன்னால் தாரின் வந்திருந்தது. தாரின் என்றால் மேல்நீர். அடியில் நெருக்கப்பட்ட ஆற்றுத் தண்ணீர் பனிக்கட்டியைப் பிளந்து மேலே ஏறி ஓடும். அதன் மேல் மெல்லிய தோல் படியும். அதை மூடிப் பனி பெய்துவிட்டால் எமனுக்கே வழி தெரியாது. நாங்கள் எல்லாரும் ஆற்றில் கதவைத் திறந்துபோட்டுத்தான் ஓட்டுவோம். முன்சக்கரம் இறங்கிய நொடியில் மார்ஃபா வெளியே குதித்துவிட்டாள். லாரி இடுப்பளவு தண்ணீரில் முன்பக்கம் மூழ்கி, அடியில் இருந்த பழைய பனிக்கட்டியின் மேல் நின்றது. இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஊரே வந்து மாவு மூட்டைகளை இறக்கியது. டிராக்டர்காரன் நிகிஃபோர் வடத்தைக் கட்டி இழுக்கட்டுமா என்றான். அப்போதுதான் தெரெந்தி வந்து சேர்ந்தார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆற்றில் மாட்டிய வண்டியை உறைய வைத்து எடுப்பதில் இந்த ஆற்றங்கரையில் அவருக்கு இணையாக ஆள் கிடையாது. வண்டியைச் சுற்றிப் பனிக்கட்டியை வெட்டுவார். நாலு விரல் கனம் மட்டும் மிச்சம் விட்டு நிறுத்துவார். இரவெல்லாம் குளிர் கீழே இறங்கித் தண்ணீரை இன்னும் ஒரு சாண் உறைய வைக்கும். மறுநாள் மறுபடி வெட்டுவார். இப்படியே மூன்று வாரம் போனால் தண்ணீரில் நின்ற வண்டி, கட்டியால் ஆன உலர்ந்த பள்ளத்தில் நிற்கும். ஒரு ஆணி வளையாமல் வெளியே வரும். பதறாத காரியம் சிதறாது என்பதற்கு அந்த மனுஷரைத்தான் காட்ட வேண்டும்.

குனிந்து பார்த்தார். "இஞ்சினை அணை" என்றார்.

மார்ஃபாவின் முகம் வெளுத்தது. அக்டோபரில் முடுக்கினால் ஏப்ரலில்தான் நாங்கள் இஞ்சினை அணைப்போம். இரவில் வீட்டு வாசலில் ஓடிக்கொண்டேதான் நிற்கும். பிள்ளை மூச்சு விடுகிறதா என்று பார்க்கிற மாதிரி தூக்கத்தில் எழுந்து சத்தத்தைக் கேட்டுவிட்டுப் படுப்போம்.

"அத்தான், குளிர் மைனஸ் அம்பத்திரண்டு. அணைச்சா அப்புறம் அது எழுந்திரிக்காது."

"எழுப்பிக்கலாம். அது சூடா இருக்கிற வரைக்கும் கீழ தண்ணி உறையுமா? அடிக்கட்டியையும் சேத்துத் தின்னுடும். அப்புறம் வண்டியை மீன்கிட்டதான் கேக்கணும்."

"மகார் போனப்புறம் ஒரு குளிர்காலத்திலயும் இதை நான் அணைச்சதில்ல."

"மகாரையும்தான் நிறுத்த முடியல உன்னால. இதையாவது நிறுத்து."

நிகிஃபோர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் தண்ணீரில் நனையாமல், குறுக்கே போட்ட ஏணிப் பலகையில் ஊர்ந்து போய்ச் சாவியைத் திருப்பினாள். ஆற்றின் மேல் அமைதி விழுந்தது. சாவியைக் கோட்டுக்குள், மார்போடு போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

மறுநாளிலிருந்து இருவரும் வெட்டினார்கள். வெளிச்சம் இருப்பதே நாலு மணி நேரம்தான். கடப்பாரை, கோடாரி, பனி அள்ளும் தட்டு. பள்ளத்தில் புதுப்பனி விழுந்தால் முதலில் அதைக் கூட்டித் தள்ள வேண்டும். பனி போர்வை மாதிரி. குளிரைக் கீழே போக விடாது. தெரெந்தி ஒவ்வொரு குத்துக்கும் சத்தத்தைக் கேட்பார். கட்டி கனமாக இருந்தால் சத்தம் மொட்டையாக இருக்கும்; மெலிந்தால் குடம் மாதிரி கேட்கும். கேட்டதும் அப்படியே நிறுத்திவிட்டுப் போய்த் தேநீர் குடிப்பார்.

ஆறாம் நாள் மார்ஃபா ஒரு குத்து அதிகமாகக் குத்திவிட்டாள். தண்ணீர் பீறிட்டுப் பள்ளம் நிரம்பியது. ஆறு நாள் வேலை ஒரு நிமிஷத்தில் போயிற்று. அவளுடைய இடது கையுறை நனைந்து, கரையேறுவதற்குள் கல்லாகிவிட்டது. இரண்டு விரல் நுனி கறுத்தது. ஊர் நர்ஸ் அதை வெட்டி எடுத்தாள்.

"ரெண்டுதானே? ஸ்டியரிங் பிடிக்க எட்டு தாராளம்" என்றார் தெரெந்தி. "ஆனா ஆறு நாள் போச்சு பாரு, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்."

கட்டுப்போட்ட கையோடு அடுத்த நாளும் போனாள். அவர் கடப்பாரையை வாங்கிக்கொண்டு பனித் தட்டைக் கொடுத்தார். அதையே அவள் கருணை என்று எடுத்துக்கொண்டாள். கருணைக்கு ஏங்கிக் கிடக்கிறவர்களுக்கு எது கொடுத்தாலும் கருணைதான்.

பதினைந்தாம் நாள், கரையில் மூட்டிய தீயருகே உறைந்த மீனைச் சீவி உப்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது, தெரெந்தி தானாகவே தம்பியைப் பற்றிப் பேசினார். சின்ன வயதில் மகார் ஒரு கன்றுக்குட்டியைக் காப்பாற்ற ஆற்றில் இறங்கினானாம். தான் அவனை முடியைப் பிடித்து வெளியே இழுத்தாராம். "பய அப்பவும் கன்னுக்குட்டியை விடலம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மார்ஃபாவும் அழுதாள். ரத்தம் என்றால் ரத்தம்தான், இந்த மனுஷரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. வண்டி வெளியே வந்ததும் காகிதத்தைத் தானே மாற்றித் தருவார் என்று அன்றைக்கு முழு மனதோடு நம்பினாள்.

இருபத்தாறாம் நாள் பள்ளத்தின் தரை காய்ந்த பாறையாக இருந்தது. முன்னால் சரிவு வெட்டி, பலகை பரப்பி, சாம்பல் தூவினார்கள். நிகிஃபோர் டிராக்டரைக் கொண்டுவந்து வடத்தை இறுக்கினான்.

"மெதுவா. பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி இழு" என்றார் தெரெந்தி.

"நான் பொண்ணு பாத்த லட்சணம் ஊருக்கே தெரியும். வேற எதையாவது சொல்லுங்க" என்றான் அவன்.

ஒரு முனகல் கேட்டது. பிறகு லாரி தன் பாட்டுக்கு மேலே ஏறி வந்தது. ஒரு விளக்குக்கூட உடையவில்லை. கரையை ஒட்டிய கட்டியில் அதை நிறுத்தினார்கள். மார்ஃபா போய்ப் பானட்டின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவளுக்கு அது உயிரோடு வந்த மாதிரி இருந்தது.

"அப்படியே மேட்டுக்கும் இழுத்துடவா?" என்றான் நிகிஃபோர்.

"வேணாம். கயித்துல கட்டி ஊருக்குள்ள இழுத்துட்டுப் போறதுக்கு இது என்ன செத்த மாடா? முடுக்கி, ஓட்டிட்டே போறேன்" என்றார் தெரெந்தி. கையை நீட்டினார். "மார்ஃபா, சாவியைக் குடு."

"நானே ஓட்டுறேன் அத்தான். நீங்க பக்கத்துல உக்காருங்க."

"நீ ஓட்டினது போதும். ஓட்டின லட்சணத்தைத்தான் இருபத்தாறு நாளா வெட்டி எடுத்தோமே. இனிமே என் மருமகன் ஓட்டுவான். அவன்கிட்ட வாக்குக் கொடுத்துட்டேன்."

"எப்ப கொடுத்தீங்க?"

"நீ விழுந்த அன்னிக்கே."

அவருடைய அந்தப் பொறுமை, ஒவ்வொரு குத்தையும் கேட்டுக் கேட்டு நிறுத்தியது, எல்லாம் எதற்கென்று அவளுக்கு இப்போது புரிந்தது. தன் பொருளை யாராவது கீறுவார்களா?

"அது நானும் மகாரும் சம்பாதிச்சது."

"காகிதத்தைக் காட்டு."

அவள் நிகிஃபோரைப் பார்த்தாள். அவன் வடத்தைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தான். ஊர் நியாயம் எப்போதும் வடம் சுருட்டிக்கொண்டுதான் இருக்கும்.

"நீ எங்கயும் போக வேணாம்" என்றார் தெரெந்தி, குரலைத் தாழ்த்தி. "நம்ம வீட்டுக்கே வந்துடு. கொட்டில்ல ஆள் வேணும். உன் அக்கா ஒரு கோட்டு எடுத்து வெச்சிருக்கா."

மார்ஃபா கோட்டுக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். உடம்புச் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது.

உறைந்த இஞ்சினை எழுப்ப ஒரு வழிதான் உண்டு. சுற்றிலும் கம்பளி தொங்கவிட்டு, ஆயில் சேம்பருக்கு அடியில் நெருப்பைப் பீய்ச்சும் ஊதுவிளக்கை எரியவைத்து, கெட்டித்த ஆயிலை இளக்க வேண்டும். தெரெந்தி கம்பளிகளைக் கட்டினார். கட்டியைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. இஞ்சினைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். ஊதுவிளக்கைப் பற்றவைத்துக்கொண்டு அடியில் ஊர்ந்தார்.

மார்ஃபா நின்ற இடத்திலிருந்து டீசல் குழாய் தெரிந்தது. பனிக்கட்டி இறுக்கியதில் அது வளைவில் பிளந்திருந்தது. அதன் கீழே பனியில் ஒரு ஈரத் திட்டு, உள்ளங்கை அகலம், மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. டீசல் அந்தக் குளிரில் கூழாகிவிடும், இப்படிச் சொட்டாது. சொட்டியதற்குக் காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். கடைசிப் பயணத்தில் குளிருக்குப் பயந்து தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு பெட்ரோல் கலந்திருந்தாள்.

ஒரு வார்த்தை போதும். 'வெளிய வாங்க' என்று சொன்னால் போதும். வார்த்தை தொண்டைவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள். அப்போது தெரெந்தி வண்டிக்கு அடியில்தான் இருந்தார். அவர் அவ்வளவு சீக்கிரம் வெளியே வருவார் என்று அவளுக்குத் தெரியாது. அவளை நான் விரும்புகிறவன்தான். ஆனாலும் இதை மறைத்தால் கதை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அவர் விளக்கைத் தகட்டில் வைத்துவிட்டு ஊர்ந்து வெளியே வந்து, முழங்காலைத் தட்டினார். மூன்று எட்டு வைத்திருப்பார். கம்பளிகள் உள்ளிருந்து பொங்கின. இரண்டு மூச்சு விடுவதற்குள் பானட் வரை நெருப்பு. நிகிஃபோர் தட்டால் பனியை வாரி வாரி எறிந்தான். தெரெந்தி வெறும் கையால் அள்ளி எறிந்தார், கத்தினார், யாரையோ கெட்ட வார்த்தையால் திட்டினார். டயர்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. பிறகு எறிவதில் அர்த்தம் இல்லாமல் போயிற்று.

"டீசல் இப்படி எரியாதே" என்றார் மூச்சு வாங்க. "என்னடி கலந்த அதுல?"

"பெட்ரோல்."

"ஒழுகுறது தெரிஞ்சுதா உனக்கு?"

"தெரிஞ்சுது."

"நான் அடியில இருக்கும்போதா?"

"ஆமா."

அவர் கையை ஓங்கினார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது, பிறகு தானாகக் கீழே வந்தது.

அந்தக் குளிரில் நெருப்பை விட்டு விலகி நிற்க யாராலும் முடியாது. கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் லாரியைச் சுற்றி நின்று கை காய்ந்துகொண்டிருந்தார்கள். மார்ஃபா எல்லாரையும்விடக் கிட்டே நின்றாள். அவள் அழவில்லை. பதினோரு வருஷம் தூக்கத்தில் எழுந்து கேட்ட வண்டி. அது கடைசித் துளிவரை எரியட்டும், ஒரு போல்ட் கூட அவர்களுக்கு மிஞ்சக் கூடாது என்று மட்டும் நினைத்தாள்.

தெரெந்தி தலையைச் சாய்த்தார். கட்டிக்குள்ளிருந்து ஏதோ சத்தம் அவர் காதுக்கு எட்டியிருக்க வேண்டும்.

"மார்ஃபா, அங்க நிக்காத" என்றார். "கீழ மெலியுது. இந்தப் பக்கம் வா."

அவள் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவர் காட்டிய பக்கம் நகர்ந்து நின்றாள். அவள் நின்றிருந்த இடம் உடைந்து தண்ணீருக்குள் போயிற்று.