செட்டக்காவும் பன்னிரண்டாவது கீறலும்

டார்ச்சும் லென்ஸுமாக வருகிறவர்களிடமிருந்து செட்டக்கா முதலில் டார்ச்சைத்தான் பிடுங்குவார். பிடுங்கி, பல் அச்சுகள் கிடக்கும் இழுப்பறைக்குள் போட்டு, இடுப்பாலேயே இடித்து மூடுவார். "டார்ச் அடிச்சுப் பார்த்தா யார் மூஞ்சிதான் நல்லா இருக்கும்? உங்க மூஞ்சியில அடிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்பார். வந்தவர் எத்தனை பெரிய ஆளானாலும் இதே கேள்விதான். எங்கள் நட்சத்திரம் பார்க்கும் குழுவில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் இருக்கிறார். அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டார். நானும்தான்.

அக்காவின் பிழைப்பு பல்செட் செய்வது, பெயரும் அதனால் வந்ததுதான்; எங்கள் தொலைநோக்கி லென்ஸ்களைச் சுத்தம் செய்து தருவது பக்கவேலை. ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு நீள மேசை, அதன்மேல் சுழலும் பாலிஷ் சக்கரம், ரோஸ் நிற மெழுகுக் கட்டிகள், உதடே இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும் முப்பது வாய்கள். இவற்றுக்கு நடுவில் காலை ஒன்பது மணி முதல் உட்கார்ந்திருப்பார். வயது நாற்பத்தெட்டு. மூன்று வருடமாக நாற்பத்தெட்டு. வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறார். மழை வருமா வராதா என்பதைத் தாண்டி வானத்தைப் பற்றி அவருக்குக் கேள்வி கிடையாது. மாமியாருக்கும் அக்காதான் பல்செட் செய்து கொடுத்தார். அந்த அம்மாள் சாப்பிடும்போதுகூடக் கழற்றி வைத்துவிடுவார், மருமகளைத் திட்டும்போது மட்டும் மறக்காமல் மாட்டிக்கொள்வார். "உச்சரிப்பு சுத்தமா இருக்கு பாருங்க, அது என் வேலைப்பாடு" என்பார் அக்கா.

தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அதன் வழியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு அதையே பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். லென்ஸில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் சனி கிரகத்துக்கே வளையம் கழன்றுபோனது போல ஓடிவருவார்கள். அப்படி வருகிறவர்களுக்கு அக்காவிடம் ஒரு வைத்தியம் இருக்கிறது. ஒரு தீக்குச்சியை எடுத்துக் குழாயின் வாயில், லென்ஸுக்கு முன்னால் குறுக்கே ஒட்டுவார். பிறகு ஜன்னல் வழியாகத் தெரியும் தண்ணீர்த் தொட்டியை நோக்கிக் குழாயைத் திருப்புவார்.

"தொட்டியில என்ன எழுதியிருக்கு?"

"தலைகீழா ஏழுன்னு தெரியுது அக்கா."

"குச்சி எங்க?"

"குச்சி... தெரியலையே."

"அடுப்புப் பத்த வைக்கிற குச்சியே தெரியலை. மயிரிழைக் கீறல் தெரியுதாம். போய் ஒழுங்கா நிலாவைப் பாருங்க."

சற்று ஆழமான கீறல் என்றால் சன்னமான தூரிகையால் கறுப்பு மையை அதற்குள் நிரப்பிவிடுவார். வெளிச்சம் அங்கே பட்டுச் சிதறாமல் இருக்க அது போதும். புகைபிடிக்கிறவர்களின் பொய்ப் பல்லுக்கு மெய்ப் பல்லின் கறையைத் தீட்டுவதும் அதே தூரிகைதான். லென்ஸுக்குப் பாலிஷ் போடுவது மட்டும் அவர் அகராதியிலேயே கிடையாது. "பாலிஷ் போட்டா கீறல் போயிடும். கூடவே லென்ஸும் போயிடும்" என்பார். பற்பசையால் லென்ஸைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்த ஒரு புண்ணியவானின் கைங்கரியம் இன்னும் அந்த மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க உதவிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட அக்காவிடம் தப்பித்து வந்த ஒரே ஆள் இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை, லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். நாலு அங்குல லென்ஸ் வைத்த தொலைநோக்கி அவருடையது. பெட்டியைத் திறக்கும்போது மூச்சுக் காற்று படாமலிருக்க மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் கட்டிக்கொள்வார். வரைபடத் தாளில் லென்ஸை வட்டமாக வரைந்து, அதிலிருக்கும் பதினொரு கீறல்களையும் சிவப்புப் பென்சிலால் குறித்து, ஒவ்வொன்றுக்கும் நீளம் எழுதி வைத்திருக்கிறார். "கடைசியா அதுல என்ன சார் பார்த்தீங்க?" என்று அக்கா ஒருமுறை கேட்டதற்கு, "இந்த வருஷம் வானம் சரியில்லை" என்றார். போன வருடமும் சரியில்லைதானாம்.

லென்ஸின் ஓரத்தில் பூஞ்சை படர ஆரம்பித்தது. விட்டால் கண்ணாடியையே தின்றுவிடும் என்று எட்டு மாதம் சொல்லிச் சொல்லித்தான் அவரை அக்கா வழிக்குக் கொண்டுவந்தார். ஒரு திங்கட்கிழமை தொலைநோக்கியை முழுசாகக் கொண்டுவந்து வைத்தார் மனிதர். "என் கையைத் தவிர வேற கை இதுல பட்டதில்லை. உங்களை நம்பித்தான் தர்றேன்" என்றார். கூடவே ஒரு தாளும் தந்தார். அதில் பதினான்கு விதிமுறைகள்.

வியாழக்கிழமை, உடைந்த கடைவாய்ப்பல்லுக்கு கேப் போட அளவு கொடுக்கப் போன நான், வழக்கம்போல் பின்னறைக்குள் நுழைந்தேன். பூஞ்சை போய் லென்ஸ் சுத்தமாக இருந்தது. கடைசியாக ஒருமுறை துடைப்பதுதான் பாக்கி. நாலு மணிக்கு அவர் வருகிறார் என்று சொல்லிவிட்டு, அக்கா அந்தத் தாளை எடுத்து எனக்குப் படித்துக் காட்டினார். அதுவும் இன்ஸ்பெக்டரின் குரலிலேயே. "விதி ஒன்பது. துடைக்கும்போது பேசக் கூடாது." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த உற்சாகத்தில் அக்கா தாளிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கையை நீட்டிப் பஞ்சை எடுத்தார். மேசையில் இரண்டு ஜாடிகள் உண்டு. நீல மூடி லென்ஸுக்கு, சிவப்பு மூடி பல்லுக்கு. சிவப்பு ஜாடியில் இருக்கும் பஞ்சில் பல்லைத் தேய்க்கும் படிகக்கல் தூள் ஒட்டியிருக்கும். கை போனது சிவப்பு ஜாடிக்கு.

ஒரே இழுப்பு. மிகச் சின்னதாக ஒரு சத்தம். எனக்கே கேட்டது.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. இழுப்பறையைத் திறந்து, யாரிடமோ பிடுங்கிப் போட்ட டார்ச் ஒன்றை எடுத்து அடித்துப் பார்த்தார். அரிசி நீளத்துக்கு ஒரு கோடு.

"மயிரிழைதானே அக்கா? நீங்களே சொல்லுவீங்களே..." என்று ஆரம்பித்தேன்.

"வாயை மூடு. அடுத்தவன் பண்ணினா அது மயிரிழை. நானே பண்ணிட்டு மயிரிழைன்னு சொன்னா அது சப்பைக்கட்டு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊருக்கெல்லாம் அக்கா சொல்லிவந்த அந்த ஒரே மருந்தை இந்த நோயாளிக்கு அவரால் கொடுக்க முடியாது. சொன்னால், இத்தனை வருடம் சொன்னதெல்லாம்கூட இப்படித்தானோ என்று ஆகிவிடும். கீறலையே மறைத்துவிடலாம் என்றால் அவரிடம் வரைபடம் இருக்கிறது. அக்காவின் பார்வை பாலிஷ் பொடி டப்பாமேல் போய்ப் போய் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்த டப்பாவை அலமாரியின் உச்சியில், சுவரை ஒட்டித் தள்ளி வைத்துவிட்டு இறங்கினார். ஸ்டூலை என்னிடம் கொடுத்து, "இதை முன்னாடி ரூம்ல கொண்டுபோய் வை" என்றார். வைத்துவிட்டு வந்தேன். மூன்றரை மணிக்குத் தர வேண்டிய ஒரு முன்வரிசைப் பல்லை அவர் நாலு முறை தேய்த்தும் அது கோணலாகவே நின்றது.

நாலு அடிக்க இன்ஸ்பெக்டர் வந்தார். வரும்போதே கைக்குட்டை கட்டியிருந்தார்.

"உட்காருங்க சார். உங்க லென்ஸ்ல கீறல் போட்டுட்டேன்" என்றார் அக்கா. "பல்லு தேய்க்க வச்சிருந்த பஞ்சை மாத்தி எடுத்துட்டேன். கவனம் இல்லை. உங்க விதிமுறையைப் படிச்சு உங்களை மாதிரியே பேசிக் கிண்டல் பண்ணிட்டு இருந்தேன்."

கடைசி வாக்கியத்தை விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கூடவே சிரித்த பாவத்துக்கு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எத்தனை மில்லிமீட்டர்?"

"ஆறு."

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை அவிழ்த்தார். அவர் வாயை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். "எட்டு மாசம் யோசிச்சேன்" என்றார். "எட்டு மாசம்."

முன்னறையில் யாரோ தும்மினார்கள்.

"வேற யாராவது கீறிட்டு உங்ககிட்ட வந்திருந்தா என்ன சொல்லுவீங்க?"

"டார்ச்சைப் பிடுங்கிட்டு, உள்ளே பார்க்காதே, வெளியே பாருன்னு சொல்லுவேன்."

"எனக்கு மட்டும் ஏன் சொல்லலை?"

"அதைச் சொல்ற வாய் இன்னைக்கு எனக்கு இல்லை சார். வேற லென்ஸ் தேடித் தர்றேன். எத்தனை நாள் ஆனாலும் தேடித் தர்றேன்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வழிவிடுவதற்காக நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

"மாட்டுங்க" என்றார் அவர்.

அக்கா லென்ஸைக் குழாயில் மாட்டினார். ஒரு மில்லிமீட்டர் பல்லிடுக்கில் கோடு இழுக்கிற அந்தக் கை திருகாணியை மூன்று முறை தவறவிட்டது. இன்ஸ்பெக்டர் குழாயை ஜன்னலுக்குத் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். குழாயை இம்மி இம்மியாக நகர்த்தினார்.

"தொட்டிமேல ஒருத்தன் பெயிண்ட் அடிக்கிறான்" என்றார் கடைசியில். "தலைகீழா."

"ஆமா சார். ரெண்டு நாளா அடிக்கிறாங்க."

"சட்டைப் பையில சீப்பு வச்சிருக்கான். பச்சைச் சீப்பு." சற்றுப் பொறுத்து, "அடேயப்பா, காதுல பெயிண்ட் பட்டிருக்கு. அது தெரியாம நிக்கிறான்" என்றார். சொல்லும்போது வாய் கண் வைத்துப் பார்க்கும் பின்பக்கச் சின்ன லென்ஸுக்குப் பக்கத்தில் இருந்ததால் மூச்சுப் பட்டு அதில் ஆவி படிந்தது. மனிதர் தலையைக்கூட முழுசாக நிமிர்த்தவில்லை. பேண்ட்டுக்குள்ளிருந்து சட்டை நுனியை உருவி, அந்த லென்ஸைத் தட்டுக் கழுவுவது போல வட்டமாக இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, மறுபடியும் கண்ணை வைத்துக்கொண்டார்.

அக்காவின் இரண்டு கைகளும் மேசையிலிருந்து தாமாகவே எழும்பின. அவற்றை ஒரு கணம் பார்த்தார். பிறகு இரண்டையும் தொடைகளுக்கு அடியில் திணித்து, அழுத்தி, அவற்றின்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.