இக்லாஸும் ஜெனரேட்டர் வண்டிக்காரரும்

இக்லாஸ் சினிமாவில் துணிமணி பார்த்துக்கொள்கிறவள். கதாநாயகியின் உடையைத் தேய்ப்பாள், பித்தான் தைப்பாள், சண்டைக் காட்சிக்காக அதையே கிழிப்பாள், மறுநாள் காட்சிக்காகத் திரும்பவும் தைப்பாள். முப்பத்தெட்டு வயதுக்குள் பதினோரு வருஷம் இதே பிழைப்பு. கெய்ரோவில், இம்பாபாவில், அண்ணன் மஹ்ரூஸின் வீட்டில் ஜன்னல் இல்லாத ஓர் அறை அவளுடையது. ஏழு வருஷம் குடித்தனம் நடத்திய புருஷன், குழந்தை இல்லை என்று சொல்லி வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, இவளை ஒரு பெட்டியோடு அண்ணன் வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தான். அதற்குப் பிறகு இக்லாஸ் நிறையப் பேச ஆரம்பித்தாள். வாயை மூடினால் அழுகை வந்துவிடுமோ என்று பயந்தவளைப்போலப் பேசுவாள்.

அந்த வருஷம் எடுத்த படம், எங்கள் ஊரில் பெருநாளுக்குப் பெருநாள் வருகிற ரகம். கெய்ரோவின் ஸமாலிக் பேட்டைப் பணக்காரப் பெண் ஒருத்தியும் மீன் லாரி ஓட்டுகிற ஒருவனும் பாலைவனத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று நாள் சண்டை போடுகிறார்கள். நாலாம் நாள் கல்யாணம். இதை எடுக்கத்தான் எழுபது பேர் செங்கடல் ஓரத்துக் குசைருக்குப் போய், கடலோர விடுதியில் தங்கியிருந்தார்கள். தினமும் காலையில் உள்ளே மலைகளுக்கு நடுவில் இருக்கும் மணற்பள்ளத்தாக்குக்குப் போவார்கள்.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கல்யாண உடையின் வால் பகுதியில் மூன்று மீட்டர் தையல் விட்டுப்போயிருந்தது. இக்லாஸ் அதை முடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பஸ் போயிருந்தது. மிஞ்சியிருந்தது ஜெனரேட்டர் வண்டி ஒன்றுதான். அதை ஓட்டுகிறவர் ஒல்லியாக, மீசை நரைத்து, யாரோடும் பேசாமல் திரிகிற, எகிப்தின் தென்னாட்டுக்காரர். உடைகளைப் பின்னால் தொங்கவிட்டு, கல்யாண உடையை மடியில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் ஏறினாள்.

ஒரு மணி நேரம் போனதும் தார் ரோடு முடிந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போனதும் டயர் தடமும் முடிந்தது.

"தலைவரே, இந்த வழிதானா?"

"வண்டி ஓட்டுறது நானா, நீங்களா?"

"ஓட்டுறது நீங்கதான். போய்ச் சேரணும்னு கவலைப்படுறது நான்."

"நேத்து இங்கதான் எடுத்தாங்க."

"நேத்து இங்க எழுபது பேரு இருந்தாங்க. இன்னிக்கு ஒரு காக்காகூட இல்லையே?"

படப்பிடிப்பு இடத்தை அன்று காலையில் மாற்றியிருந்தார்கள். அதை எல்லாரிடமும் சொன்னவர்கள் ஜெனரேட்டர் வண்டிக்காரரிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். அவர் வாய் திறக்காதவர். அவரிடம் எதையும் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. திரும்பலாம் என்று வண்டியை வளைத்தபோது பின்சக்கரங்கள் மணலில் இறங்கின. அவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். அடியில் ஏதோ படாரென்று உடைந்தது. இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு வந்து, "அச்சு போச்சு" என்றார். அன்று அவர் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

கைபேசியில் சிக்னல் இல்லை. இக்லாஸ் வண்டியின் தலைமேல் ஏறி நின்று பார்த்தாள், அங்கேயும் இல்லை.

"நம்ம படத்துல இந்த இடத்துல ஒட்டகம் வந்து கதாநாயகியோட தொப்பியத் தின்னும்" என்றாள் மேலிருந்து.

"படத்துல அவங்களுக்குப் பின்னால எழுபது பேரு தண்ணி பாட்டிலோட நிக்கிறாங்க மேடம். இறங்குங்க, விழுந்துடப் போறீங்க."

தண்ணீர் இரண்டு கேன் இருந்தது. நிழல்தான் இல்லை. வெயில் உச்சிக்கு ஏறியதும் வண்டிக்குள் இருக்க முடியவில்லை. இக்லாஸ் கல்யாண உடையின் வாலைப் பிரித்து, வண்டியின் கதவுக்கும் ஒரு பாறைக்கும் நடுவே கட்டினாள். மணிகள் கோத்த ஆறு மீட்டர் வெள்ளைத் துணியின் கீழே இருவரும் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்தார்கள். அவள் பையில் சீஸ் வைத்த ரொட்டி நாலு இருந்தது. இரண்டை நீட்டினாள்.

"வேணாம்."

"ஏன், கெய்ரோக்காரி கைச்சாப்பாடு இறங்காதா?"

"வேணாம் மேடம்."

"தென்னாட்டு ரோஷம்! செத்தாலும் கை நீட்ட மாட்டீங்களே."

அவர் தன் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பேரீச்சம்பழமும் காய்ந்த ரொட்டியும் இருந்தன. சட்டைக் கை மேலே ஏறியபோது மணிக்கட்டின் உட்புறத்தில் பச்சை குத்திய சிறிய சிலுவை தெரிந்தது.

"நோன்பு மேடம். உயிர்ப்புப் பெருநாள் வரைக்கும் பாலு, முட்டை, சீஸ் எதுவும் ஆகாது" என்றார். பிறகு, ரொம்ப நேரம் கழித்து, "நாஷித். என் பேரு" என்றார்.

இக்லாஸுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவரோடு மூன்று படத்தில் வேலை செய்திருக்கிறாள், ஒருநாளும் பேர் கேட்டதில்லை. "அப்ப பழத்துல பாதி குடுங்க. ரோஷம் எனக்கும் இருக்கு" என்றாள். அவர் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு.

அன்றும் யாரும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அவர் வண்டிக்கு அடியில் படுத்தார், அவள் உள்ளே படுத்தாள். அவள் தொழ எழுந்தபோது அவர் சூரியனைப் பார்த்துத் திசை காட்டிவிட்டு, தன் கோட்டை விரித்துக்கொடுத்து, பாறைக்கு அந்தப்பக்கம் போய் நின்றுகொண்டார். இரண்டாம் நாள் மத்தியானம் அவளுக்குப் பேச்சு தீர்ந்துபோனது. அது தீரும் என்று அவளுக்கே தெரியாது. பேச்சு தீர்ந்த இடத்தில் அழுகை வந்தது. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தன் வீட்டுக் கதையைச் சொன்னார்.

ஊர் மின்யா பக்கம் ஒரு கிராமம். மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுப்பதற்குள் தனக்கு நாற்பத்துமூன்று வயதாகிவிட்டது. அண்ணன் ஒருவர் இருந்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு முஸ்லிம் பெண்ணுக்காக மதம் மாறிப் போனார்.

"செத்துட்டான்னு அம்மா சொல்லிட்டாங்க. கருப்பு கட்டுனாங்க, நாப்பதாம் நாள் பூசைகூட வெச்சாங்க. அவன் சூயஸ்ல உயிரோட இருக்கான். நாலு பிள்ளைங்க. அம்மா ஒரு பிள்ளையையும் பார்த்ததில்ல."

"நீங்க?"

"வருஷத்துக்கு ஒருதடவ போவேன். அம்மாட்ட கப்பல் துறையில வேலைன்னு சொல்லுவேன்."

மூன்றாம் நாள் காலையில், தொலைந்த ஒட்டகத்தைத் தேடி வந்த அபாப்தா பழங்குடி ஆள் ஒருவர் வெள்ளைத்துணியைப் பார்த்துவிட்டுப் பிக்கப் வண்டியைத் திருப்பினார். இறங்கியதும் முதலில் கேட்டது, "புருஷன் பொண்டாட்டியா?"

"இல்ல!" என்று இரண்டுபேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"இப்படி ஒரே குரல்ல சண்டைக்கு வர்றவங்க வேற யாரா இருப்பாங்க?" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர்ப் பையை அவிழ்த்தார் அவர்.

விடுதியில் எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். தயாரிப்பு நிர்வாகி ஷௌக்கி அவளைக் கட்டிப்பிடிக்காத குறையாக வரவேற்றார். "படப்பிடிப்புக்காரங்க நீங்க விடுதியில இருக்கீங்கன்னு நினைச்சாங்க, விடுதிக்காரங்க நீங்க படப்பிடிப்புல இருக்கீங்கன்னு நினைச்சாங்க. நேத்து சாயங்காலம் நாயகியம்மா கல்யாண உடை எங்கன்னு கேட்டதுக்கு அப்புறம்தான் தேடவே ஆரம்பிச்சோம்!"

"அப்ப தேடுனது உடையத்தான்" என்றாள் இக்லாஸ். எல்லாரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நாஷித் மட்டும் சிரிக்கவில்லை.

படத்துக்குக் கதை எழுதுகிறவர் அவளைத் தனியாக உட்காரவைத்து, தேநீர் வாங்கிக்கொடுத்து, நடந்ததையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். துணியைக் கட்டியது, சீஸ் சண்டை, ஒட்டகக்காரர் கேட்டது எல்லாவற்றையும் அவள் நடித்தே காட்டினாள். சூயஸில் இருக்கும் அண்ணனைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

கெய்ரோ திரும்பியபின் எட்டு மாதம் அவளுடைய வாழ்க்கையில் வெளிச்சமாக இருந்தது. ஹரம் ரோட்டு ஸ்டுடியோவில் இருவருக்கும் வேலை அமைந்தது. அவர் பொரித்த பயற்று வடையும் ரொட்டியும் வாங்கி வருவார். அவள் ஊறுகாய் கொண்டுவருவாள். ஜெனரேட்டர் இரைகிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கே என்ன பேசினாலும் அடுத்தவர் காதில் விழாது. அவள் இப்போது குறைவாகப் பேசினாள், அவர் கொஞ்சம் கூடுதலாகப் பேசினார். கையைக்கூடத் தொட்டுக்கொண்டதில்லை.

நவம்பரில் ஒரு மத்தியானம், ராம்சேஸ் ஸ்டேஷன் பக்கத்துத் தேநீர்க்கடையில் அவர் தேநீரைத் தொடாமல் சொன்னார்.

"நான் மாறிக்கிறேன் இக்லாஸ். ஒரு கையெழுத்துதான். யோசிச்சுட்டேன்."

எங்கள் சட்டத்தில் கல்யாணத்துக்காக அவர் அவள் மதத்துக்கு வரலாம், அவள் அவர் மதத்துக்குப் போக முடியாது. வேறு வழி கிடையாது. இது இருவருக்கும் தெரியும். இக்லாஸ் அவருடைய மணிக்கட்டைப் பார்த்தாள். மின்யாவில் ஒரு கிழவி இரண்டாவது மகனுக்காகவும் நாற்பதாம் நாள் பூசை வைப்பதை நினைத்தாள். வேண்டாம் என்று மட்டும் சொன்னால் இந்த மனுஷன் விடமாட்டார், உங்கள் அம்மாவுக்காக என்று சொன்னாலும் விடமாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நிமிஷத்தில் தோன்றிய பொய்யைச் சொன்னாள்.

"உங்களப் பத்தி நான் அப்படி நினைச்சதே இல்ல தலைவரே. பாலைவனத்துல வேற ஆளு இல்ல, அதனால பேசுனேன்."

அவர் எழுந்தார். இரண்டு தேநீருக்கும் காசு வைத்தார். "சரி மேடம்" என்றார். மேடம் என்ற சொல் எட்டு மாதம் கழித்து அப்போதுதான் திரும்ப வந்தது. ஜனத்துக்குள் கலந்து போய்விட்டார். அவர் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று அவள் நினைத்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதையும் அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த பெருநாளுக்குப் படம் வந்தது. நன்றாக ஓடியது. கல்யாண உடையை நிழலாகக் கட்டுகிற காட்சியில் தியேட்டரே அதிர்ந்தது என்றார்கள். அது நிஜமாக நடந்தது, இன்னாருக்கு நடந்தது என்று ஷௌக்கி காபிக்கடையில் பெருமையாகச் சொன்னார். ஒரு வாரத்தில் அந்தப் பேச்சு மஹ்ரூஸின் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

"ரெண்டு ராத்திரி" என்றான் மஹ்ரூஸ். "ஒரு கிறிஸ்தவனோட."

"வண்டி ஒடைஞ்சுபோச்சு அண்ணே."

"அத ஏன் வந்த அன்னைக்கே சொல்லல?"

 வந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும் என்பதைச் சொல்ல முடியுமா? அவன் கை ஓங்கவில்லை. கைபேசியை வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான். "இனிமே சினிமா வேணாம்" என்றான். அண்ணி நபவிய்யா அடுக்களையிலிருந்து, "இதக் கேட்டா யாரு இவளக் கட்டிக்குவாங்க இனிமே?" என்றாள், ஏற்கெனவே யாரோ வாசலில் காத்துக்கொண்டிருந்த மாதிரி.

பேச்சு மின்யாவுக்கும் போனது. இதை மூன்று வருஷம் கழித்து அதபா சந்தையில் எதிர்ப்பட்ட ஷௌக்கிதான் சொன்னார். அவருக்கு வருத்தம்தான், ஆனால் அவர் வருத்தத்திலும் வாய் மூடாதவர்.

"நாஷித்தோட அம்மா ஒரு வருஷம் அவன் போனே எடுக்கலையாம் இக்லாஸ். எவ்வளவு சத்தியம் பண்ணியும் நம்பல. அப்புறம் அவங்களே ஒரு பொண்ணப் பார்த்துக் கட்டிவெச்சாங்க. அந்தப் பொண்ணுகூட சரிப்பட்டு வரல, ஒரே சண்டையாம். அவன் குணமே மாறிப்போச்சு இப்ப. யாராவது உன் பேரை எடுத்தா, 'அவங்க பெரிய மனுஷி, நம்மள மாதிரி ஆளுங்க கண்ணுக்குத் தெரியாது'ம்பான். நீ என்னம்மா சொன்ன அவன்ட்ட?"

"ஒண்ணும் சொல்லல" என்றாள் இக்லாஸ். தக்காளி வாங்க வந்தவள் தக்காளி வாங்காமல் வீட்டுக்குப் போனாள்.

தான் செய்தது யாரையும் காப்பாற்றவில்லை என்பது அன்றுதான் அவளுக்குப் புரிந்தது. அந்தக் கிழவி அழுதாள். மகன் கசந்துபோனான். முன்பின் தெரியாத ஒரு பெண் நடுவில் வந்து மாட்டிக்கொண்டாள். உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், ஒருவேளை இதைவிட மோசமாகக்கூட. ஆனால் அவர் அவளைத் தப்பாக நினைக்காமலாவது இருந்திருப்பார்.

அந்தக் குளிர்காலத்தில் டாக்டரிடம் போகிறேன் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு, நாஷித்தைப் பார்க்க மின்யாவுக்கு ரயில் ஏறினாள். போய் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தாள். ரயில் நின்றதும் இறங்கினாள். பிளாட்பாரத்தின் சிமெண்டு இருக்கையில் உட்கார்ந்தாள். கரும்புச்சாறு விற்கிறவன் இரண்டுதரம் வந்து கேட்டுப் போனான். கிராமங்களுக்குப் போகிற வேன்கள் வெளியே பேர் கூவிக்கொண்டிருந்தன. நாஷித்தின் கிராமத்துப் பேரும் காதில் விழுந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. இப்போது போய் உண்மையைச் சொன்னால் தன் மனசு ஆறும். அங்கே அவரைக் கட்டிய அந்தப் பெண் ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பாள், அவள் வீடு இன்னும் கொஞ்சம் உடையும்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்த கெய்ரோ ரயிலில் ஏறினாள். இடம் இல்லை. கதவோரம் நின்றாள். கைக்குழந்தையோடு கீழே உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்து, "யாரப் பார்க்க வந்தீங்கக்கா?" என்று கேட்டாள்.

"யாரையும் இல்லம்மா" என்றாள் இக்லாஸ். வழியெல்லாம் அந்தப் பெண் தன் வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். இக்லாஸ் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.