சுமைதாங்கிக்கு அந்தப்புறம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்து ஆளாக்கியது ஒன்பது பிள்ளைகள். பெற்றது ஆறு, மற்ற மூன்றும் என் அக்காள் விட்டுப்போனவை. யார் கேட்டாலும் ஒன்பது என்றுதான் சொல்வேன். அதில் யாரும் கழிக்க வேண்டாம்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் மணலில் எழுதிப் படித்ததுதான் என் படிப்பு. பெயரை எழுதுவேன். பஸ்ஸில் வடசேரி என்று பலகை இருந்தால் கண்டுபிடித்து ஏறிவிடுவேன். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவள் சட்டம் படிக்கிறவள். போன வாரம் தடித்த புத்தகம் ஒன்றை விரித்து, நாட்டின் அரசியல் சட்டத்திலே கிணறு, குளம், படித்துறை, ரோடு என்று பேர் சொல்லி எழுதியிருப்பதை வாசித்துக் காட்டினாள்.

"இவ்வளவு பெரிய சட்டத்துல கிணத்தை எதுக்குப் பாட்டி எழுதி வச்சிருக்கு?" என்று கேட்டாள்.

எதுக்கு என்று எனக்குத் தெரியும்.

என் அப்பன் ஊரில் பறை அடிக்கிறவர். சாவுக்கு அடிப்பார், கோயில் கொடைத் திருவிழாவுக்கு அடிப்பார். சர்க்கார் உத்தரவு வந்தாலும் அவர்தான் அடிக்க வேண்டும். வரி வாங்குகிற பார்வத்தியக்காரர் கச்சேரி என்கிற தன் ஆபீசில் வைத்து வாசகத்தைச் சொல்லிக் கொடுப்பார். அப்பனுக்கு எழுத்து தெரியாது. ஒருதரம் கேட்டால் ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிடுவார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பறை கேட்ட தெருவுக்குத்தான் உத்தரவு. "எங்க தெருவுல அடிக்கல்ல" என்று சொன்னால் அபராதம்கூடப் போட மாட்டார்கள். ஆனால் மேல்சாதிக்காரர்கள் இருந்த மேலத்தெருவுக்குள் எங்கள் ஆட்கள் கால் வைக்க முடியாது. தெரு தொடங்குகிற இடத்தில் வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்கிற சுமைதாங்கிக் கல் ஒன்று நிற்கும். அப்பன் அதன் பக்கத்தில் நின்று அடிப்பார். கச்சேரிச் சேவகர் ஒருவர் உள்ளே நடந்து போய் வீடுவீடாக வாயால் சொல்லிவிட்டு வருவார்.

திருவிதாங்கூர் மகாராஜா எங்கள் ஆட்களுக்கும் கோயில்களைத் திறந்துவிட்ட விளம்பரத்துக்குக் கொஞ்சம் முந்திய கோடை அது. எங்கள் குளம் வற்றிச் சேறாகக் கிடந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் அக்காள் பேதியில் போனாள். முப்பது நாள் ஆகவில்லை, அவளுடைய கடைக்குட்டிக்கும் வயிறு போகத் தொடங்கியது. நடக்கப் பழகிக்கொண்டிருந்த பிள்ளை, தலையைத் தூக்க மாட்டாமல் என் தோளில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "குளத்துத் தண்ணியைக் குடுத்தா இதுவும் நிக்காது. கிணத்துத் தண்ணியைக் காய்ச்சிக் குடு" என்று சொன்னார். கிணறு ஊருக்கு ஒன்றுதான். சர்க்கார் வெட்டியது. மேலத்தெரு நடுவில் இருந்தது. நாங்கள் குடத்தைச் சுமைதாங்கிப் பக்கம் வைத்துவிட்டு, யாராவது இரக்கப்பட்டு ஊற்றுவார்களா என்று காத்து நிற்க வேண்டும். அந்தக் கோடையில் யாருக்கும் இரக்கம் வரவில்லை.

அப்போதுதான் அந்த உத்தரவு வந்தது. சர்க்கார் வழியும் கிணறும் குளமும் இனி எல்லாச் சாதிக்கும் பொது. அப்பன் பறையைத் தோல் விறைக்கத் தீயில் காய்ச்சி எடுத்துக்கொண்டு போனார். எங்கும் அடித்தார். மேலத்தெருவுக்குச் சுமைதாங்கிப் பக்கத்தில் நின்று அடித்தார். சேவகர் அன்றைக்கு உள்ளே போகவில்லை. வயிற்றுவலி என்றாராம்.

சத்தம் அடங்குமுன் நான் குடத்தை எடுத்துவிட்டேன். கல்லைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பேன். ஊருக்குப் பெரிய தலையான முதலடி எதிரே வந்து நின்றார்.

"ஏட்டி, எங்க போறே?"

"கிணத்துக்கு ஏமானே. பறை அடிச்சாச்சு."

"எங்க வச்சு அடிச்சான்?"

"சுமைதாங்கிப் பக்கத்துல."

"அப்போ சுமைதாங்கி வரைக்கும் பொது. இந்தத் தெருவுல பறை கேக்கல்ல. கேக்காத உத்தரவு உத்தரவா? உன் அப்பன்கிட்டயே போய்க் கேளு."

அவருக்குப் பின்னால் நின்ற ஒருவர், "பொதுவுக்கு வந்தவளுக்குக் கல்லுல இடம் இருக்குவோய், குடத்தை இறக்கி வச்சுட்டு இருக்கச் சொல்லும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

வெறுங்குடத்தோடு திரும்பினேன். அப்பனிடம் கத்தினேன்.

"நீங்க ஏன் அங்கயே நின்னீங்க? எல்லாருக்கும் பொதுன்னு சொல்லுகவரு உள்ள போயில்லா சொல்லணும்!"

அவர் பறையை இறக்கி வைத்தார். "காலு நின்னுட்டு மக்கா" என்றார். "நாப்பது வருஷமா அங்க நின்ன காலு. வாய் பொதுன்னு சொல்லிச்சு, காலு கேக்கல்ல."

"அப்போ நாளைக்கு உள்ள போய் அடிங்க."

"கச்சேரியில ஒருதரம் அடிக்கத்தான் சொன்னாவ. ரெண்டாம் தரம் அடிக்க வேற உத்தரவு வேணும்."

முதலடி அவருக்கு வேண்டியபடி உத்தரவுக்கு அர்த்தம் சொன்னார். அப்பனோ பயத்துக்கு ஏற்றபடி சொன்னார். பிள்ளை என் மடியில் சத்தமில்லாமல் கிடந்தது.

விடிந்ததும் நான் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினேன். எங்கள் வீட்டில் பெண்கள் அதைத் தொடுவதில்லை. தோளில் மாட்டிக்கொண்டேன். ஒரு கையில் குடமும் கயிறும். கல்லைத் தாண்டினேன். யாரும் மறிக்கவில்லை; இது என்ன கூத்து என்று பார்த்தார்கள். நேரே கிணற்றடிக்குப் போய் அடித்தேன். தாளம் ஒன்றும் வரவில்லை. தகரத்தைத் தட்டினது போல ஒரு சத்தம். வாசகத்தை மட்டும் அப்பனைப் போலவே பிசகாமல் சொன்னேன்.

முதலடி ஓடி வந்தார். "பொட்டச்சி அடிச்சா உத்தரவாயிருமா? இது செல்லாதுட்டீ! அடிக்கவேண்டியவன் அடிக்கணும்!"

எனக்கு அது போதுமாக இருந்தது. தெருமுனையைப் பார்த்துக் கூவினேன்.

"அப்பா! நான் அடிச்சா செல்லாதாம்! நீங்க வந்து அடிச்சாதான் செல்லுமாம்! ஏமான் கூப்பிடுகாரு!"

அப்பன் தன் பறைச் சத்தம் கேட்டு ஏற்கெனவே கல்லுக்கு வந்துவிட்டிருந்தார். தெரு முழுக்க அவர் காலையே பார்த்தது. சுமையை இறக்கி வைக்கிறவர் போலக் கல்லின்மேல் ஒரு கையை வைத்தார். பிறகு நடந்தார். என்னிடம் வந்ததும், "குச்சியை இப்பிடியா பிடிப்பா மூதி?" என்று ஏசிவிட்டுப் பறையை வாங்கினார். மூன்றுதரம் அடித்து மூன்றுதரம் சொன்னார். முதல்தரம் குரல் நடுங்கியது. மூன்றாம்தரம் கடைசி வீடுவரை கேட்டிருக்கும்.

"கேட்டாச்சா ஏமானே?" என்றார்.

முதலடி திரும்பித் தன் வீட்டைப் பார்த்து நடந்தார். நான் கயிற்றை இறக்கினேன். வெண்கலப் பானை போலக் கனத்துக்கொண்டு வந்தது அந்த முதல் குடம்.

அந்தப் போகத்து நெல்லறுப்புக்கு எங்களை யாரும் வயலுக்குக் கூப்பிடவில்லை. தோவாளைப் பக்கம் கூலிக்குப் போய்ப் பிழைத்தோம். மேலத்தெருக்காரர்கள் அவரவர் புறவாசலில் கிணறு வெட்டிக்கொண்டு பொதுக் கிணற்றை எங்களுக்கே விட்டுவிட்டார்கள். அதற்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பேத்தியிடம் கேட்டேன். அவள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். 'பொது' என்றால் எது என்று இன்றைக்கும் கோர்ட்டில் வாதாடுகிறார்களாம். நான் அந்த வாதத்தைப் பதினெட்டு வயதிலேயே கேட்டவள்.

மகாராஜா தந்தார், பெரியவர்கள் எழுதினார்கள் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும். அவர்கள் தந்தது சுமைதாங்கி வரைக்கும்தான் வந்தது. அங்கிருந்து கிணறுவரை அதை நடத்திக் கொண்டுபோனது என் அப்பனுடைய கால்.

பிள்ளை பிழைத்தாள். என் ஒன்பதில் அவள் மூன்றாவது. இதை எழுதிக்கொண்டிருக்கிறவள் அவளுடைய கடைசி மகள்.

மக்கா, அதையும் எழுதிட்டியா? அப்போ முதல்ல இருந்து ஒருதரம் வாசி. இங்க இருந்து வாசிக்காதே, தெருவுல இறங்கி நின்னு சத்தமாட்டு வாசி. கேக்கல்லன்னு ஒருத்தனும் சொல்லப்பிடாது.