ஆள் வருது

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் ரயிலை என் அம்மா கடைசி வரைக்கும் கோச்சி என்றே சொன்னாள். சிலோனில் ரயிலுக்கு அதுதான் பேர். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, குன்னூருக்கு மேலே அரசாங்கத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், நாங்கள் குடியேறியபோது எனக்குப் பதினாறு வயது. வந்த புதிதில் இரண்டு மலையும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. அதே கொழுந்து, அதே பனி, காலில் ஏறும் அதே அட்டை. காலையில் கண் விழித்ததும் எந்த ஊரில் இருக்கிறோம் என்று யோசிக்க வேண்டியிருக்கும். யோசித்து முடிப்பதற்குள் வேலைக்கு நேரமாகிவிடும்.

மாசத்தில் ஒரு ஞாயிறு அம்மாவும் நானும் ஊட்டிக்குப் போவோம். எங்களுக்கு முன்பே வந்துவிட்ட மாமா அங்கே மார்க்கெட்டில் காய்கறிக் கடை போட்டிருந்தார். சிலோனில் விட்டு வந்த அக்காவிடம் அந்தக் கடை விலாசத்தைத்தான் கொடுத்திருந்தோம். அவள் கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போவது. லயத்துக்கே தபால் வரத் தொடங்கிய பிறகும் அம்மா விலாசத்தை மாற்ற விடவில்லை. மாற்றினால் மகளுக்கு வழி தப்பிவிடும் என்று பயந்தாள்.

அக்கா கல்யாணமாகிப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவள். இந்தியாவுக்கே போகிறோம் என்று சர்க்காருக்கு எழுதிக் கொடுப்பதா, அங்கேயே இருப்பதா என்று அவள் புருஷன் முடிவு பண்ணாமல் இழுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்பிய அன்று ஹட்டன் ஸ்டேஷன் முழுக்க அழுகை. அக்கா எங்களோடு பெட்டிக்குள் ஏறி, அம்மாவுக்குப் பக்கத்தில் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, விசில் ஊதும் வரை இறங்கவில்லை. இறங்கும்போது, “எனக்கு எடம் புடிச்சி வைம்மா, பின்னாலயே வந்துருவேன்” என்றாள். அழாமல் இருக்க எதையாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னது. அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

ஊட்டி ரயிலில் ஏறியதும் சன்னலோரத்தில் தன் சிவப்புக் கட்டம் போட்ட துண்டை விரிப்பாள். அதை ஒட்டி அவள், எதிரே நான். அப்போதெல்லாம் பாதிப் பெட்டி காலியாகவே போகும். துண்டை யாரும் சட்டை செய்யவில்லை. எஞ்சின் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளும். கேத்தி தாண்டினால் பனி சன்னல் வழியாக உள்ளே வந்து எங்களோடு உட்காரும். தைல மர வாசனையும் கரிப்புகையும் கலந்து வர, எனக்குக் கண் செருகும். லவ்டேல் பக்கத்துக் குகைக்குள் வண்டி நுழைந்து எல்லாம் இருட்டும். வெளிச்சம் திரும்பியதும் என்னையறியாமல் துண்டைத்தான் முதலில் பார்ப்பேன். ஹட்டனில் ஏறிய கோச்சி இன்னும் நிற்கவே இல்லை, நாங்கள் எந்த ஊரிலும் இறங்கவே இல்லை என்று அந்த அரைத் தூக்கத்தில் சத்தியமாக நம்பியிருக்கிறேன். அது சுகமாகக்கூட இருந்தது.

அப்புறம் யார் கண் பட்டதோ, அந்த ரயிலுக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. சிலோன்காரர்கள் மேலும் மேலும் வந்து இறங்கினார்கள். பஸ்ஸை விட ரயில் சல்லிசு என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. காரட் மூட்டைக்காரர்கள், சினிமாவுக்குப் போகிறவர்கள், குகைக்குள் கத்துவதற்கென்றே டிக்கெட் எடுக்கும் கோயமுத்தூர்ப் பிள்ளைகள். வண்டி நிற்பதற்குள் கூடவே ஓடி, சன்னல் வழியாகப் பையை வீசுவார்கள். ஒரு தடவை கைக்குழந்தையையே உள்ளே கொடுத்து இடம் பிடித்தார்கள்.

“ஏனுங்க, இங்க ஆருங்க?”

“ஆள் வருதுங்க.”

இந்த ஊர்ப் பேச்சில் அம்மா முதலில் கற்றுக்கொண்ட ‘ங்க’ இதுதான். வெலிங்டனில் கேட்டாலும் வருதுங்க, அரவங்காட்டில் கேட்டாலும் வருதுங்க. ஊட்டியே வந்துவிடும், ஆள் வராது. நான் அவளோடு வந்தவளே இல்லை என்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிறு, நின்றுகொண்டே வந்த வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் பொறுமையிழந்தார். “ஏனுங்கம்மா, துண்டுக்கு டிக்கெட் எடுத்திருக்கீங்களா?” என்று கேட்டார். பெட்டியே சிரித்தது. அம்மா சுருக்குப் பையை அவிழ்த்து உள்ளங்கையை நீட்டினாள். மூன்று அட்டை டிக்கெட். எனக்கே அன்றுதான் தெரியும். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக் கூரை ஒழுகுகிறது, என் ரவிக்கை முதுகில் நைந்து கிடக்கிறது, இவள் காற்றுக்கு டிக்கெட் எடுக்கிறாள்!

அன்று சாயங்காலமே அம்மாவுக்குத் தெரியாமல் அக்காவுக்கு எழுதினேன். “அம்மா வராத ஆளுக்கு டிக்கெட் எடுக்கிறாள். ரயிலே சிரிக்கிறது. ஒன்று வா, இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று சொல்லித் தொலை.”

இரண்டு மாசம் கழித்துப் பதில் வந்தது. மாமா கடையில், முட்டைக்கோஸ் குவியலுக்குப் பக்கத்தில் நின்று வழக்கம்போல உரக்க வாசித்தேன். அக்கா புருஷனுக்கு அங்கேயே பிரஜாவுரிமை கிடைத்துவிட்டதாம். தனக்கும் பிள்ளைகளுக்கும் பேர் பதிந்தாகிவிட்டதாம். “எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன். தங்கச்சி கேட்டதால் சொல்கிறேன். இனிமேல் எனக்கு இடம் வைக்க வேண்டாம் அம்மா. கால் வலிக்கிறவர்கள் யாராவது உட்காரட்டும்.” பாதியில் நிறுத்தியிருக்கலாம், மாற்றிப் படித்திருக்கலாம். வாய் அதுபாட்டுக்குப் படித்துவிட்டது.

நான் என்ன எழுதினேன் என்று அம்மா கேட்கவில்லை. “கோசு என்ன வெல?” என்று சொந்தத் தம்பியிடம் கேட்டாள். மாமா ஒரு கோசை எடுத்து அவள் பையில் போட்டார்.

ஸ்டேஷனில் முதல் தடவையாகச் சுருக்குப் பையை என்னிடம் கொடுத்தாள். “ரெண்டு எடு” என்றாள். வரிசையில் நின்றபோது அவளைத் திரும்பிப் பார்த்தேன். துண்டை நாலாக மடித்து, கோசுக்கு மேலே வைத்துக்கொண்டிருந்தாள். என் மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. அம்மாவின் மனசுக்குள் ஒருத்தி கோச்சியில் நிம்மதியாக வந்துகொண்டிருந்தாள். நான் சங்கிலியைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டேன்.

பெட்டியில் எங்கள் இடமே கிடைத்தது. அம்மா துண்டை விரிக்கவில்லை. கழுத்தில் கேமரா தொங்கிய ஒரு பையன் எட்டிப் பார்த்து, “அக்கா, சன்னல்கிட்ட ஆளுங்களா?” என்றான். அம்மா காலை மடக்கி வழி விட்டாள்.

அவள் மடியிலிருந்து துண்டைப் பிடுங்கி சன்னலோரத்தில் விரித்தேன்.

“ஆள் வருதுங்க.”

“வண்டி கெளம்பப் போகுதுங்களே?”

நான் கையை விரித்துக் காட்டினேன். மூன்று டிக்கெட். பையன் நகர்ந்து போனான்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. வண்டி அசைந்து லவ்டேல் குகைக்குள் போய் வெளியே வந்தபோது, துண்டின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவி நேராக்கிக்கொண்டிருந்தாள்.